கணவர் கனடாவில், மனைவி கோத்தகிரியில்: ஸ்பான்சர் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோத்தகிரிப் பக்கத்துத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் முப்பது வருடம் பாடம் நடத்தியவள் நான். ஓய்வுபெற்ற பிறகு, ஞாயிற்றுக்கிழமைகளில் என்னிடம் படித்த பிள்ளைகளும் அவர்கள் பிள்ளைகளும் கொண்டுவரும் படிவங்களை வாசித்து விளக்கிக்கொண்டிருக்கிறேன். அவற்றில் பாதிக்கு மேல் கனடா ஸ்பான்சர் படிவங்கள், அதாவது கனடாவில் இருப்பவர் கணவனையோ மனைவியையோ நிரந்தரமாக அங்கே அழைத்துக்கொள்ளும் விண்ணப்பங்கள்.

காரணம் நம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். 1964 அக்டோபரில் இலங்கைத் தோட்டத் தமிழரைப் பற்றி இந்தியாவும் இலங்கையும் செய்த சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தாகி 5,25,000 பேர் இந்தியாவுக்கு என்று முடிவானபோது, ஒரே லயத்தில் (தோட்டத்து வரிசை வீட்டில்) பிறந்த அண்ணன் இக்கரைக்கு வந்தார், தங்கை அக்கரையிலேயே நின்றார். இங்கே வந்தவர்களுக்காக 1968-ல் அரசு தொடங்கிய தேயிலைத் தோட்டம்தான் இன்றைய டேன்டீ. அங்கே நின்றவர்களில் பலர் 1983 கலவரத்துக்குப் பிறகு கனடா போய்ச் சேர்ந்தார்கள். இப்போது அந்தத் தங்கையின் பேரனுக்கு இந்த அண்ணனின் பேத்தியைக் கேட்டு வருகிறார்கள். அறுபது வருடமாகப் பிரிந்து கிடந்த குடும்பம் ஒரு விண்ணப்பத்தால் சேர்கிறது. அதனால்தான் அந்த விண்ணப்பம் பிழையில்லாமல் போக வேண்டும் என்று இவ்வளவு கவலைப்படுகிறேன். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே எழுதி வைக்கிறேன்.

டீச்சர், யாரு யாரைக் கூப்பிடலாம்?

அழைப்பவர் கனடாக் குடிமகனாகவோ பிஆர் (நிரந்தரமாக வசிக்கும் உரிமை) உள்ளவராகவோ இருக்க வேண்டும், 18 வயதும் நிறைந்திருக்க வேண்டும். பிஆர் மட்டும் உள்ளவர் கனடாவில் குடியிருந்தபடிதான் ஸ்பான்சர் செய்ய முடியும். கல்யாணத்துக்கு வந்துபோவதில் தவறில்லை. ஆனால் இங்கேயே தங்கிவிட்டு விண்ணப்பிக்க முடியாது. குடிமகன் வெளிநாட்டில் இருந்துகொண்டும் விண்ணப்பிக்கலாம், மனைவிக்கு பிஆர் கிடைத்ததும் கனடாவுக்குத் திரும்பிப் போகப்போவதைக் காட்ட வேண்டும்.

பலருக்குத் தெரியாத ஒரு தடை இருக்கிறது. மாப்பிள்ளையே முன்பு ஒரு மனைவியின் ஸ்பான்சரில் கனடா போனவர் என்றால், தமக்கு பிஆர் கிடைத்த நாளிலிருந்து 5 வருடம் முடியும்வரை புது மனைவியை அழைக்க முடியாது. நிச்சயம் செய்வதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்: "தம்பி, நீங்க எப்படி கனடா போனீங்க, எந்த வருஷம் பிஆர் கிடைச்சது?" பெண்ணைப் பெற்றவர்கள் இதைக் கேட்பது மரியாதைக் குறைவே கிடையாது.

மாரியம்மன் கோயில்ல தாலி கட்டியாச்சு. அது போதாதா?

சாமிக்கும் ஊருக்கும் போதும். கனடாவுக்குத் திருமணப் பதிவுச் சான்று வேண்டும். தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டம் 2009-ன்படி, அந்த வருடம் நவம்பர் 24-லிருந்து நடக்கும் எல்லாத் திருமணங்களையும் 90 நாளுக்குள் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிய வேண்டும். தாமதமானால் கூடுதல் கட்டணம் கட்டி 150 நாள்வரை பதியலாம். அதையும் தாண்டிவிட்டதென்றால் இந்து திருமணச் சட்டப்படி பதிய வழியுண்டா என்று சார்பதிவாளரிடம் நேரில் போய்க் கேளுங்கள். தேவாலயத்தில் நடந்த திருமணமும் பதியப்பட வேண்டியதே. ஐயர் இல்லாமல் மாலை மாற்றிச் செய்த சுயமரியாதைத் திருமணம் செல்லுமா என்று தயங்குகிறார்கள். இந்து திருமணச் சட்டத்தில் 1967-ல் தமிழ்நாடு சேர்த்த 7ஏ பிரிவின்படி அது முழுக்கச் செல்லும்.

மாப்பிள்ளை மூன்று வார லீவில் வருவார். இரண்டாம் வாரம் கல்யாணம், மூன்றாம் வாரம் விருந்து, பிறகு விமானம். பதிவு விட்டுப்போகும். கல்யாணம் முடிந்த மறுநாளே அலுவலகத்துக்குப் போங்கள். ஒருவர் இந்து, ஒருவர் கிறிஸ்தவர் என்றால் பெரும்பாலும் 1954-ஆம் ஆண்டு சிறப்புத் திருமணச் சட்டத்தின் கீழ்தான் வர வேண்டியிருக்கும். அதற்கு 30 நாள் முன்னறிவிப்பு உண்டு, இருவரில் ஒருவர் அந்த மாவட்டத்தில் 30 நாள் குடியிருந்திருக்கவும் வேண்டும். லீவு போடும்போதே இந்தக் கணக்கைப் போட்டுவிடுங்கள்.

மாப்பிள்ளைக்கு லீவே கிடைக்கலை. வீடியோ காலில் கட்டிக்கலாமா?

கூடாது. கல்யாணச் சடங்கில் இருவரும் நேரில் இருக்க வேண்டும். தொலைபேசியிலோ இணையத்திலோ, ஒருவருக்குப் பதில் இன்னொருவர் நின்றோ நடந்த திருமணத்தை 2015 ஜூனிலிருந்து கனடா குடிவரவுத் துறை ஏற்பதில்லை.

அத்தை மகன், தாய்மாமன் முறை. வெளிநாட்டுக்காரன் ஒத்துக்குவானா?

ஒத்துக்கொள்வார்கள். கனடாவின் 1990-ஆம் ஆண்டுச் சட்டம் விலக்குவது நேர் வாரிசு உறவையும் உடன்பிறந்தாரையும்தான். அத்தை மகன், மாமன் மகள், தாய்மாமன் என்பவை அந்தத் தடையில் வராது. நம் நாட்டு இந்து திருமணச் சட்டமும் வழக்கம் உள்ள சமூகத்துக்கு விலக்கு தருகிறது. படிவத்தில் "உங்களுக்குள் இரத்த உறவு உண்டா" என்று வந்தால் உண்டு என்றே எழுதி, தமிழர் வழக்கத்தில் இது முறை என்று இரண்டு வரி சேருங்கள். மறைத்துவிட்டு, பிறகு இரண்டு பேரின் பாட்டி பெயரும் ஒன்றாக இருப்பதை அதிகாரி கண்டால் வீண் சந்தேகம் வரும்.

முன்னாடி ஒரு கல்யாணம் ஆகி, ஊர்ப் பெரியவங்க பேசித் தீர்த்துவிட்டாங்க. எழுதணுமா?

கட்டாயம் எழுத வேண்டும். அதோடு நீதிமன்றத் தீர்ப்பும் வேண்டும். பெரியவர்கள் முன்னிலையில் தாலியைத் திருப்பிக் கொடுத்து, வெள்ளைத் தாளில் இருவரும் கைரேகை வைத்துப் பிரிவது நம் லயங்களில் வழக்கம்தான். வழக்காறான மணமுறிவைச் சட்டம் முழுதாகத் தள்ளிவிடவில்லை, ஆனாலும் அப்படி ஒரு வழக்காறு இருப்பதை நிரூபிப்பது பெரும்பாடு. பரஸ்பர சம்மதத்தோடு இந்து திருமணச் சட்டத்தின் 13பி பிரிவில் விவாகரத்து வழக்குப் போடுங்கள். ஒரு வருடம் பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும், மனு கொடுத்த பிறகு ஆறு மாதக் காத்திருப்பு உண்டு. அந்த ஆறு மாதத்தைத் தகுந்த காரணம் இருந்தால் நீதிமன்றம் தளர்த்தலாம் என்று உச்ச நீதிமன்றம் 2017-ல் சொல்லியிருக்கிறது.

மாப்பிள்ளை கனடாவில் விவாகரத்து வாங்கியவர் என்றால் தீர்ப்பை மட்டும் வாங்கிப் பார்க்காதீர்கள், விவாகரத்துச் சான்றிதழையும் கேளுங்கள். அங்கே தீர்ப்பு வந்த 31-ஆம் நாளில்தான் பொதுவாக விவாகரத்து நடைமுறைக்கு வரும். அதற்குள் இங்கே முகூர்த்தம் வைத்தால் அந்தத் தாலிக்குச் சட்டத்தில் இடமில்லை.

முதல் கல்யாணத்துப் பிள்ளை ஒண்ணு ஆயாகிட்ட வளருது. அதைச் சொல்லாம விட்டா என்ன?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலை மட்டும் படிக்க நேரம் இருக்கிறவர்கள் இதைப் படியுங்கள்.

சொல்லாமல் விட்ட பிள்ளையைப் பிற்பாடு உங்களால் அழைக்கவே முடியாமல் போகலாம். விண்ணப்பிக்கும்போது கணவன், மனைவி, 22 வயதுக்கு உட்பட்ட மணமாகாத பிள்ளைகள் எல்லோரையும், கூட வந்தாலும் வராவிட்டாலும், எழுத வேண்டும். கூட வராத பிள்ளைக்கும் மருத்துவப் பரிசோதனை நடக்க வேண்டும். எழுதப்படாதவர், பரிசோதிக்கப்படாதவர் குடும்ப உறவு என்ற வகையிலிருந்தே விலக்கப்படுகிறார். அந்தக் கதவை மறுபடி திறப்பது மிகக் கடினம். மனிதாபிமான அடிப்படையில் விதிவிலக்கு கேட்க வழி இருக்கிறது. அதற்கு வழக்கறிஞரும் வருடங்களும் செலவாகும்.

என்னிடம் படித்த ஒருத்திக்கு இது நடந்தது. "புது மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரிஞ்சா கல்யாணம் நின்னுடும்" என்று மகனை எழுதவிடாமல் செய்தது அவள் அம்மா. போய்ச் சேர்ந்த பிறகு அந்த மாப்பிள்ளையிடம் அவளே சொன்னாள். அவர் நல்ல மனிதர், "பையனைக் கூப்பிட்டுக்கலாம்" என்றார். கூப்பிட முடியவில்லை. எட்டு வயதில் விட்டுப்போன பையன் இப்போது கல்லூரியில் படிக்கிறான். பஸ் நிலையத்தில் என்னைப் பார்த்தால் அம்மா நலம் என்று சொல்வான், வேறெதுவும் பேச மாட்டான்.

அழைப்பவருக்கும் இதே விதி. மாணவராகப் போய், பிஆர் விண்ணப்பம் ஓடிக்கொண்டிருக்கும்போது இங்கே வந்து கல்யாணம் செய்துகொண்டு, அதைச் சொல்லாமல் பிஆர் வாங்கியவர், அந்த மனைவியை ஸ்பான்சர் செய்யும்போது இந்தச் சுவரில்தான் முட்டுவார். கல்யாணம் ஆன நாளே குடிவரவுத் துறைக்கு எழுதித் தெரிவிக்கச் சொல்லுங்கள்.

பிள்ளையையும் அழைத்துப் போவதென்றால் அதன் தகப்பனின் எழுத்துப்பூர்வச் சம்மதம் வேண்டும். அதற்கென்று தனிப் படிவம் உண்டு, ஐஎம்எம் 5604.

ரேஷன் கார்டில் ஒரு பேர், ஸ்கூல் சர்டிபிகேட்டில் ஒரு பேர், பாஸ்போர்ட்டில் ஒரு பேர். எதை எழுதறது?

படிவத்தில் பாஸ்போர்ட்டில் உள்ளபடி. மற்றதையெல்லாம் "வேறு பெயர்கள்" என்ற கட்டத்தில்.

போன மாதம் ஒரு பெண் தன் காகிதங்களை மேசையில் பரப்பினாள். தாத்தா பெயர் கருப்பையா. கண்டியில் இந்தியத் தூதரகம் கொடுத்த பழைய பாஸ்போர்ட்டில் ஆங்கிலத்தில் 'கே' என்று தொடங்குகிறது. இலங்கையிலிருந்து வந்தவர்களைத் தங்க வைத்த மண்டபம் முகாமில் கொடுத்த குடும்ப அட்டையில் 'சி'. அப்பாவின் தோட்டப் பதிவேட்டு நகலில் நடுவில் ஒரு 'பி' குறைவு. அவளுடைய பத்தாம் வகுப்புச் சான்றில் அதே பெயர் கடைசியில் ஒரு 'ஹெச்' கூடுதலாகப் பெற்றிருக்கிறது. நான்கும் ஒரே மனிதர். மூக்குக்கண்ணாடி போட்ட எழுத்தர்கள் நான்கு பேர் காதில் விழுந்ததை நான்கு விதமாக எழுதினார்கள், அவ்வளவுதான். இதில் நம் ஆட்கள் வெட்கப்பட ஒன்றுமில்லை.

செய்ய வேண்டியது இது. எந்தக் காகிதத்தில் எந்த எழுத்துக்கோவை என்று ஒரு தாளில் வரிசையாக எழுதுங்கள். எல்லாம் ஒருவரே என்று நோட்டரியிடம் உறுதிமொழிப் பத்திரம் வாங்குங்கள். தாயகம் திரும்பிய குடும்பம், காகிதங்கள் இரண்டு நாட்டில் பல கைகளில் எழுதப்பட்டவை என்று ஒரு விளக்கக் கடிதம் வையுங்கள். குடும்ப அட்டை நைந்து போயிருந்தாலும் நகல் எடுத்துச் சேருங்கள். அது வரலாற்றுச் சான்று. "பழைய அட்டையைத் தூக்கிப் போட்டுப் புதுசு ஒண்ணு ரெடி பண்ணித் தரேன்" என்று சொல்கிறவரிடம் போகாதீர்கள்.

நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, முன்னெழுத்துதான். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக இருந்தால், கனடாப் படிவத்தில் முழுப் பெயரையும் குடும்பப் பெயர் இடத்தில் எழுதி, இயற்பெயர்க் கட்டத்தைக் காலியாக விட வேண்டும். கல்யாணம் ஆனதும் கணவர் பெயரைச் சேர்க்க வேண்டும் என்ற கட்டாயம் எங்கேயும் இல்லை. விண்ணப்பம் நடக்கும்போது பெயரை மாற்றாமல் இருந்தால் வேலை குறையும்.

தமிழ்ச் சான்றிதழ்களோடு ஆங்கில மொழிபெயர்ப்பும், மொழிபெயர்த்தவரின் உறுதிமொழியும் வைக்க வேண்டும். மொழிபெயர்ப்பவர் குடும்பத்து ஆளாக இருக்கக் கூடாது.

அம்மா பிறந்த தேதி அம்மாவுக்கே தெரியாதே?

ஐஎம்எம் 5406 படிவம் தாய் தகப்பன், உடன்பிறந்தார் எல்லோருடைய பிறந்த தேதியையும் இடத்தையும் கேட்கும். "தீபாவளிக்கு மறுநாள், பெரிய மழை பெஞ்ச வருஷம்" என்று ஒரு பாட்டி சொன்னார். ஆதாரிலோ வாக்காளர் அட்டையிலோ உள்ள ஆண்டை எடுத்துக்கொள்ளுங்கள். எல்லாப் படிவத்திலும் அதையே எழுதுங்கள், தோராயமானது என்று விளக்கக் கடிதத்தில் சொல்லுங்கள். பிறந்த ஊர் ஹட்டன், பதுளை, நுவரெலியா என்றால் அப்படியே எழுதுங்கள். இலங்கை என்று எழுதினால் மகளின் இந்தியப் பாஸ்போர்ட்டுக்குச் சிக்கல் வருமோ என்று பயந்து கோத்தகிரி என்று மாற்றி எழுதிய வீடுகள் உண்டு. கனடாவில் இருக்கும் மாப்பிள்ளை அதே பாட்டியின் ஊரை உள்ளபடி எழுதியிருப்பார்.

நிஜமான கல்யாணம்னு எப்படிக் காட்டறது?

அதிகாரி பார்ப்பது இரண்டு. இந்தத் திருமணம் உண்மையானதா, குடிவரவுக்காகவே முதன்மையாகச் செய்யப்பட்டதா. இரண்டில் ஒன்றில் தவறினாலும் மறுப்புதான். ஐஎம்எம் 5532 என்ற படிவத்தில் உங்கள் கதையைக் கேட்பார்கள்: எப்படி அறிமுகம், யார் பேசி முடித்தது, முதலில் எங்கே பார்த்தீர்கள், கல்யாணத்துக்கு யார் யார் வந்தார்கள். கல்யாணப் படங்கள் இருபது போதும். தாலி கட்டும்போது, இரு வீட்டுப் பெரியவர்களோடு, பந்தியில், மறுவீட்டில் என்று வெவ்வேறு நேரத்துப் படங்களாக எடுங்கள். மேடையில் ஒரே நிற்கையில் எடுத்த நூறு படங்கள் ஒரு படத்துக்குச் சமம். ஒவ்வொன்றின் கீழும் யார், எங்கே, எந்த நாள் என்று எழுதுங்கள். பணம் அனுப்பிய ரசீது, விமானச் சீட்டு, பேசிய பதிவு எல்லாம் சேரும்.

பேசிய பதிவு என்றதும் ஒரு பெண் ஞாபகம் வருகிறாள். அவள் லயத்தில் டவர் கிடையாது. ஞாயிறு, தோட்டத்தில் வேலைக்கு ஆள் கூப்பிடும் பேரட்டு இல்லாத நாள், மத்தியானச் சோறு ஆனதும் சால்வையைப் போர்த்திக்கொண்டு கோயில் மேட்டுக்கு ஏறுவாள். அங்கே ஒரு சவுக்கு மரத்தடியில் மட்டும் இரண்டு கோடு சிக்னல் விழும். பனி இறங்கும்வரை அவரோடு பேசுவாள். வாரத்துக்கு ஒரு அழைப்பு, இரண்டரை மணி நேரம். விண்ணப்பம் எழுதிக் கொடுத்தவர், "தினமும் பேசறோம்னு சொல்லும்மா, அப்பதான் நம்புவாங்க" என்று பழக்கிவிட்டார். நேர்காணலில் அவளும் அப்படியே சொன்னாள். கையில் இருந்த பதிவில் ஞாயிறுகள் மட்டுமே இருந்தன. மறுத்துவிட்டார்கள். சவுக்கு மரத்தை அவள் சொல்லியிருந்தால், எந்த அதிகாரி நம்பாமல் இருப்பார்? மேல்முறையீட்டில் அதைத்தான் எழுதினோம். மேட்டிலிருந்து எடுத்த படத்தையும், டவர் இல்லை என்று அக்கம்பக்கத்தார் எழுதிய கடிதங்களையும் வைத்தோம். இப்போது அவள் கனடாவில் ஸ்கார்பரோவில் இருக்கிறாள்.

நேர்காணலுக்கு மனப்பாடம் வேண்டாம். தமிழில் பேச மொழிபெயர்ப்பாளர் கேட்கலாம். கணவருக்கு எந்த ஷிப்ட், வீட்டில் யார் யார், என்ன சாப்பிடுவார் என்பதெல்லாம் உண்மையாகப் பேசிப் பழகுகிறவர்களுக்குத் தானாகத் தெரியும். தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள். படிவத்தைக் கையெழுத்துப் போடும் முன் பெண்ணே உட்கார்ந்து ஒரு முறை முழுக்க வாசிக்க வேண்டும். வாசிக்கத் தெரியாவிட்டால் ஒருவர் வாசிக்க அவள் கேட்க வேண்டும். இதை நான் விடவே மாட்டேன்.

கல்யாணம் ஆகலை, சேர்ந்துதான் வாழறோம். முடியுமா?

முடியும். ஒரு வருடம் இடைவிடாமல் கணவன் மனைவியாகச் சேர்ந்து வாழ்ந்ததற்கு ஆதாரம் வேண்டும்: வாடகை ஒப்பந்தம், ஒரே முகவரிக்கு வந்த கடிதங்கள், கூட்டு வங்கிக் கணக்கு. சேர்ந்து வாழவும் மணக்கவும் சட்டமோ சூழ்நிலையோ தடையாக இருந்தால், ஒரு வருட உறவைக் காட்டி விண்ணப்பிக்கும் மூன்றாவது வகை உண்டு. ஒரே பாலினத் துணைகளுக்கும் கனடாவில் இதே உரிமைகள் எல்லாம் உண்டு. அங்கே அவர்கள் திருமணம் 2005 முதல் நாடு முழுக்கச் சட்டபூர்வம். இங்கே அந்த அங்கீகாரம் இல்லாததால் இந்த மூன்றாவது வகை அவர்களுக்கு உதவும். இப்படி ஒருவர் என்னிடம் தயங்கித் தயங்கிக் கேட்டார். தயங்க வேண்டாம், யார் வந்தாலும் அதே மேசைதான்.

மாப்பிள்ளைக்குச் சம்பளம் எவ்வளவு இருக்கணும்?

கணவன் மனைவியை அழைக்கப் பொதுவாகக் குறைந்தபட்ச வருமான வரம்பு கிடையாது. ஆனால் ஊனத்துக்காக இல்லாமல் வேறு காரணத்துக்கு அரசு உதவித்தொகை வாங்குகிறவர், திவால் வழக்கு முடியாதவர், பிள்ளைச் செலவுக்கு நீதிமன்றம் சொன்னதைக் கட்டாதவர் அழைக்க முடியாது. அழைத்த பிறகு 3 வருடம் மனைவியின் அடிப்படைத் தேவைகளுக்கு அவரே பொறுப்பு என்று எழுதிக் கொடுக்கிறார். நடுவில் பிரிந்தாலும் அந்தப் பொறுப்பு விலகாது.

செலவு? எவ்வளவு நாள்?

2024 ஏப்ரல் 30 முதல் நடப்புக்கு வந்த கணக்கில் ஸ்பான்சர் கட்டணம் 85 டாலர், விண்ணப்பக் கட்டணம் 545, பிஆர் உரிமைக் கட்டணம் 575, ஆக 1,205 கனடிய டாலராக இருந்தது. கைரேகைக்கு 85 தனி. இரண்டு வருடத்துக்கு ஒரு முறை உயரும், கட்டும் நாளில் குடிவரவுத் துறையின் தளத்தில் பாருங்கள். மறுக்கப்பட்டால் அந்தப் பிஆர் உரிமைக் கட்டணம் திரும்பி வரும். காலம் பொதுவாக ஒரு வருடம் என்று சொல்லப்பட்டாலும் கூடுவதும் உண்டு. கியூபெக் மாகாணத்துக்கு மட்டும் தனி நடைமுறை, 2024-ல் எண்ணிக்கை வரம்பும் வைத்தார்கள், அதிக நாள் ஆகும்.

கைரேகை, போலீஸ் சர்டிபிகேட், மெடிக்கல் எங்கே?

போலீஸ் சான்று பாஸ்போர்ட் சேவை வழியாகக் கேட்க வேண்டும். நீலகிரிக்குக் கோயம்புத்தூர் பாஸ்போர்ட் அலுவலகம். கட்டணம் 500 ரூபாய். கடந்த பத்து வருடத்தில் வேறு நாட்டில் ஆறு மாதமோ அதற்கு மேலோ தொடர்ந்து இருந்திருந்தால் அந்த நாட்டுச் சான்றும் கேட்கப்படலாம். மருத்துவப் பரிசோதனை, கனடா அங்கீகரித்த மருத்துவரிடம் மட்டும், அவர்கள் சொன்ன பிறகு. சர்க்கரை, இதய நோய் இருந்தால் செலவைக் காட்டித் தள்ளிவிடுவார்களோ என்று பயப்படுகிறார்கள். ஸ்பான்சரில் வரும் கணவன் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் அந்தத் தடை பொருந்தாது.

கைரேகைக்குச் சென்னையோ பெங்களூருவோ போக வேண்டும். கொழுந்து பறிக்கிறவர்கள் கவனியுங்கள். பறித்துப் பறித்து விரல் நுனி தேய்ந்து, கொழுந்துக் கறை கோடுகளில் கருப்பாக ஏறியிருக்கும். ரேஷன் கடை இயந்திரத்தில் விரல் விழாமல் திரும்பியவர்களுக்குத் தெரியும். முடிந்தால் இரண்டு வாரத்துக்கு முன்பே பறிப்பை நிறுத்திவிட்டு, இரவில் தேங்காயெண்ணெய் தடவி வையுங்கள். சரியாக விழாவிட்டால் மறுபடி எடுக்கச் சொல்லலாம், பயப்பட வேண்டாம். ஐப்பசி கார்த்திகையில் நாள் கிடைத்தால் முந்தின நாளே மலையிறங்கிவிடுங்கள். 2009 நவம்பர் மண்சரிவைப் பார்த்தவர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை.

ஏஜென்ட் கியாரண்டி தர்றேங்கிறார்.

யாராலும் தர முடியாது. முடிவு அதிகாரியுடையது. காசு வாங்கிக்கொண்டு கனடா குடிவரவு விஷயத்தில் ஆலோசனை சொல்ல, அங்கத்திய வழக்கறிஞராகவோ குடிவரவு ஆலோசகர்களைக் கட்டுப்படுத்தும் 'காலேஜ்' என்ற அமைப்பில் பதிவு பெற்றவராகவோ இருக்க வேண்டும். அந்தப் பதிவேட்டை இணையத்தில் யாரும் பார்க்கலாம். பெயரையும் எண்ணையும் கேட்டுத் தேடிப் பாருங்கள். பொய்த் தகவல் கொடுத்தது தெரிந்தால் 5 வருடம் கனடாவுக்குள் வர முடியாது, அந்தத் தண்டனை ஏஜென்டுக்கு வராது, பெண்ணுக்குத்தான் வரும்.

காத்திருக்கிற நேரத்துல விசிட்டர் விசாவில் போய்ப் பார்த்துட்டு வரலாமா?

கேட்கலாம். நிரந்தரமாக வர விண்ணப்பித்திருப்பதே தற்காலிக விசாவுக்குத் தடை இல்லை என்று அவர்கள் சட்டமே சொல்கிறது. கேட்கும்போது ஸ்பான்சர் விண்ணப்பம் நடப்பதை மறைக்காதீர்கள்.

மறுத்துட்டா?

வெளிநாட்டிலிருந்து செய்த விண்ணப்பம் என்றால் ஸ்பான்சர் 30 நாளுக்குள் குடிவரவு மேல்முறையீட்டுப் பிரிவில் முறையிடலாம். கடிதம் வந்த நாளைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். கனடாவுக்குள்ளேயே இருந்து உள்நாட்டு வகையில் விண்ணப்பித்தவர்களுக்கு இந்த உரிமை கிடையாது. எந்த வகையில் போடுவது என்று முடிவு செய்யும்போதே இதை மனதில் வையுங்கள்.

போன இடத்துல அவர் அடிச்சா, விரட்டினா, பொண்ணு கதி என்ன டீச்சர்?

இந்தக் கேள்வியை அம்மாக்கள் மற்றவர்கள் வெளியே போன பிறகு, குரலைத் தாழ்த்திக் கேட்கிறார்கள். நான் பெண்ணையும் கூப்பிட்டு உட்கார வைத்துத்தான் பதில் சொல்கிறேன்.

பிஆர் கிடைத்த பிறகு அது அவளுடையது. கணவர் கொடுத்ததைக் கணவர் பறிக்க முடியாது. இரண்டு வருடம் சேர்ந்து வாழ்ந்தால்தான் பிஆர் நிலைக்கும் என்று முன்பு ஒரு நிபந்தனை இருந்தது. 2017 ஏப்ரலில் அதை நீக்கிவிட்டார்கள். "போலீசுக்குப் போனா உன்னை ஏத்தி அனுப்பிடுவாங்க" என்று யாராவது மிரட்டினால் அது பொய். உண்மையான திருமணத்தில் போன பெண், அடிக்கிற வீட்டை விட்டு வெளியேறினால் நாட்டை விட்டு வெளியேற வேண்டியதில்லை. அவசரத்துக்கு 911. தங்குமிடம், உதவி எங்கே என்று கேட்க 211. தமிழில் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று சொன்னால் இணைப்பார்கள். பிஆர் வருவதற்கு முன்பே கனடாவில் இருந்து துன்பப்படுகிறவர்களுக்கும் தற்காலிக அனுமதி கேட்க வழி உண்டு.

பாஸ்போர்ட்டும் பிஆர் அட்டையும் அவள் பையில் இருக்க வேண்டும், மாமியார் பீரோவில் வைக்கக் கூடாது. போய்ச் சேர்ந்த மாதத்திலேயே தன் பெயரில் வங்கிக் கணக்கும், சமூகக் காப்பு எண்ணும் வாங்க வேண்டும். இங்கே விட்டுவிட்டுத் திரும்பி வராத கணவர்கள் பற்றி தேசிய மகளிர் ஆணையத்தின் வெளிநாடு வாழ் இந்தியர் பிரிவில் புகார் தரலாம்.

லண்டன், ஆஸ்திரேலியாவுக்கும் இதே மாதிரிதானா?

வேறு. பிரிட்டனில் 2024 ஏப்ரல் 11 முதல் அழைப்பவருக்கு வருடம் 29,000 பவுண்டு வருமானம் கேட்கிறார்கள், போகிறவருக்கு அடிப்படை ஆங்கிலத் தேர்வு உண்டு, நிரந்தர உரிமைக்கு ஐந்து வருடம். ஆஸ்திரேலியாவில் முதலில் தற்காலிக விசா, பிறகு நிரந்தரம். கனடாவில் துணைக்கு மொழித் தேர்வு கிடையாது.

பத்தாவது முடிக்கலை, பாஸ்போர்ட் ஈசிஆர். விடுவாங்களா?

விடுவார்கள். ஈசிஆர் என்பது வேலைக்குப் போகக் குடிபெயர்வு அனுமதி தேவை என்ற குறி. அந்த அனுமதி வளைகுடா நாடுகள், மலேசியா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போகிறவர்களுக்கு. கனடா அதில் இல்லை.

போன பிறகு அம்மாவைப் பார்க்க வரலாமா? எத்தனை நாள் இருக்கலாம்?

5 வருடத்தில் 730 நாள் கனடாவில் இருந்திருந்தால் பிஆர் நிலைக்கும். குடிமகனாகிய கணவரோடு வெளிநாட்டில் சேர்ந்து வாழ்ந்த நாளும் அதில் சேரும். குடியுரிமை கேட்க, அதற்கு முந்தின 5 வருடத்தில் 1,095 நாள் அங்கே இருந்திருக்க வேண்டும். பிரசவத்துக்கு வந்து ஆறு மாதம் தங்கினாலும் பிஆர் போகாது. வந்த நாள், திரும்பிய நாள் இரண்டையும் ஒரு நோட்டில் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

புறப்படும்போது எந்தப் பேப்பரை எடுத்துக்கணும்?

பிஆர் உறுதிச் சான்று, பாஸ்போர்ட், திருமணச் சான்று, பிறப்புச் சான்று, பள்ளிச் சான்றுகள், தடுப்பூசி அட்டை. எல்லாம் கைப்பையில், பெட்டியில் போடாதீர்கள். உறுதிச் சான்றில் உள்ள கடைசித் தேதிக்கு முன் இறங்கிவிட வேண்டும். எல்லாவற்றிலும் ஒரு நகல் எடுத்து, பிளாஸ்டிக் உறையில் போட்டு, அம்மாவின் டிரங்குப் பெட்டியில் வையுங்கள். நம் ஊர் ஈரத்தில் காகிதம் பூஞ்சை பிடிக்கும், வருடத்துக்கு ஒரு தரம் வெயிலில் எடுத்து வைக்கச் சொல்லுங்கள். தாத்தாவின் குடும்ப அட்டை இங்கேயே இருக்கட்டும். அடுத்து தம்பிக்கும் தங்கைக்கும் அது வேண்டியிருக்கும்.